குளூட்டன் ஃப்ரீ என்பது ஒரு ருசி அல்ல

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் நம் ஊரில் கேக் செய்யாத வீடே இல்லை போலிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வீட்டு அடுப்படியிலிருந்து ஒருவர் நாலு காசு சம்பாதிப்பதைக் குறை சொல்ல நான் யார்? என் சண்டை அந்தப் படங்களுக்குக் கீழே எழுதப்படும் இரண்டு சொற்களோடு மட்டும்தான். ‘குளூட்டன் ஃப்ரீ’, ‘டெய்ரி ஃப்ரீ’. சாக்லேட், வெனிலா, ரெட் வெல்வெட் என்ற வரிசையில் இன்னொரு ஃபிளேவர் மாதிரி இவற்றையும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால் அவளுடைய எதிர்ப்புச் சக்தி அவள் சிறுகுடலையே தாக்கும். குடலின் உட்சுவரில் சின்னச் சின்ன விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். சாப்பாடு உள்ளே போகும், உடம்பில் ஒட்டாது. பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் அந்த விரல் நுனிகளில்தான் சுரக்கிறது. அதனால் குடல் ஆறும்வரை பாலும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோய் என்னவென்று தெரிவதற்கே இரண்டு வருஷம் ஆனது. அதுவரை ஆளாளுக்கு, “புள்ளைக்குச் சத்து பத்தல, மால்ட் கலக்கிக் குடு” என்றார்கள். மால்ட் என்பது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி.

குளூட்டன் இல்லாத சாப்பாடு ஃபேஷனாகப் பிறக்கவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ஊரே ரொட்டியில்லாமல் தவித்த அனுபவம் அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தியது. கோதுமையை நிறுத்தினால் இந்தக் குழந்தைகள் தேறுகிறார்கள் என்பதை 1950இல் அவர் தன் ஆய்வேட்டில் எழுதினார். இன்றுவரை இந்த நோய்க்குச் சாப்பாடுதான் மருந்து. அப்படியென்றால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று எழுதி விற்பவர் கிட்டத்தட்ட மருந்துதான் விற்கிறார்.

அதற்கு ஒரு அளவும் இருக்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனுக்கு மேல் போகக் கூடாது. உலக அளவிலான கோடெக்ஸ் தரமும் இதுதான், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் இதுதான். மைதாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். கணக்குப் போட்டுப் பாருங்கள், நல்ல ஒரு சிட்டிகை மைதா ஒரு கிலோ கேக்கைக் கெடுத்துவிடும்.

வீட்டிலிருந்து கேக் விற்கும் ஒருவரிடம் போனில் கேட்டேன்: “அக்கா, மைதா கேக்கும் இதே பீட்டர்லதான் அடிப்பீங்களா?”

“ஆமா தம்பி, கழுவிட்டுத்தான் அடிக்கிறேன். கொஞ்சூண்டு பட்டா என்ன ஆயிடப் போகுது?”

“டெய்ரி ஃப்ரீன்னு போட்டிருக்கீங்களே, வெண்ணெய்க்குப் பதிலா என்ன போடுவீங்க?”

“நெய்தான். நெய்ல பால் எங்க இருக்கு?”

மரியாதையான, வெள்ளந்தியான பதில். எனக்குப் பயமே அதுதான். நெய்யில் லாக்டோஸ் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் பால் புரத அலர்ஜி உள்ள குழந்தைக்கு நெய்யில் தங்கிய மிச்சம் மீதியே ஆபத்தாக முடியலாம். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை வேறு, பால் அலர்ஜி வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘டெய்ரி ஃப்ரீ’ என்று எழுதுவது வியாபாரத்துக்கே அடுக்காது.

அடுத்தது நம்ம ஊர்ப் பெருமைக் கோஷ்டி. “இதெல்லாம் என்ன புதுசு? நம்ம பாட்டி சமையலே குளூட்டன் ஃப்ரீதான்.” பாதி உண்மை. புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை எல்லாமே அரிசிதான். மீதிப் பாதியையும் கேளுங்கள். சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால் அநேகமாகக் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். அரிசி மாவு, தெருமுனை மில்லில் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைபட்டு வருகிறது. ரவையும் சேமியாவும் கோதுமை என்று படித்தவர்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 சிறுதானிய ஆண்டுக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் ராகி பிஸ்கட். பல பாக்கெட்டுகளில் ராகிக்குத் துணையாகக் கோதுமையும் இருக்கிறது.

தெற்கில் இந்த நோய் வடக்கை விடக் குறைவுதான். ஆனால் இதற்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் நம்மிடமும் உண்டு. நாம் குறைவாகக் கோதுமை சாப்பிட்டோம், அவ்வளவுதான். இப்போது ராத்திரி ஆனால் வீட்டுக்கு வீடு சப்பாத்தி, கடைக்குக் கடை பரோட்டா. பாட்டி பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

நோயே இல்லாமல் உடம்பு இளைப்பதற்காகக் கோதுமையைத் தவிர்ப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அது உங்கள் இஷ்டம். ஆனால் நீங்கள் ‘சீட் டே’ கொண்டாடுவதைப் பார்த்துப் பழகிய சர்வர்தான் என் அக்கா மகளிடம், “டயட்டா பாப்பா? ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது” என்கிறார்.

சரி, வீட்டில் இதை ஒழுங்காகச் செய்ய முடியாதா? முடியும். பெரிய பேக்கரியை விட வீட்டில்தான் சுலபம். ஏனென்றால் நம் அடுப்படிக்குள் என்ன வரலாம் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். நான் பச்சரிசியை ஊறவைத்து, உலர்த்தி, மைதா படாத மிக்ஸியில் அரைத்து, தனிச் சல்லடையில் சலிக்கிறேன். குளூட்டன் என்பது ஒரு பசை வலை, காற்றைப் பிடித்து வைத்து கேக்கை உப்பவைப்பது அதுதான். அரிசிக்கு அந்தப் பசை கிடையாது. இட்லியில் அந்த வேலையை உளுந்தின் வழவழப்பு செய்கிறது. கேக்கில் நான் இசப்கோலைப் போடுகிறேன். பாலுக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பால், வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், கூடவே முட்டை. சமையல் சோடா வேலை செய்யக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. கலந்த மாவை அரை மணி நேரம் அப்படியே வைத்தால் அரிசியின் நறநறப்பு குறையும்.

பஞ்சு மாதிரி வராது. வர வேண்டும் என்று ஏன் அடம் பிடிக்கிறோம்? வட கேரளத்தில் அரிசியும் வெல்லமும் வைத்து, மேலேயும் கீழேயும் தணல் போட்டுச் சுடும் கலத்தப்பம் எந்த ஸ்பாஞ்ச் கேக்கையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. எங்கள் வீட்டுக் கேக்கும் சற்று ஈரமாக, கனமாகத்தான் இருக்கும். அதைச் சாப்பிட்டவள் மறுநாள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு அது போதும்.

“இவ்வளவு கறார் பேசினா ஒருத்தரும் விக்க முடியாதே” என்று கேட்கலாம். தாராளமாக விற்கலாம். தனி மிக்ஸி, தனிச் சல்லடை, தனி டின் வைக்க வசதியில்லாதவர்கள் ‘மைதா சேர்க்காத கேக்’ என்று எழுதட்டும். அதுதான் நேர்மையான பெயர். மைதா சேர்க்கவில்லை என்பது ஒரு தகவல். குளூட்டன் ஃப்ரீ என்பது ஒரு வாக்கு. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கான விலையை வாங்காதீர்கள்.

வாங்குகிறவர்களும் கேளுங்கள். மாவு எங்கே அரைத்தது? இதே பாத்திரத்தில் மைதாவும் கலக்குகிறீர்களா? வெண்ணெய்க்குப் பதில் என்ன? கேட்பதில் வெட்கமில்லை. பதில் ‘கொஞ்சூண்டு’ என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுங்கள்.