அளக்காத கற்றை

நீண்ட பதிவு இது. நுண்ணலைப் பொறியியல், ஆண்டெனாவியல் துறைகளில் இருக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் முழுவதும் படித்துவிட்டு மறுக்க வேண்டுகிறேன். மறுப்பை வரவேற்கிறேன்; பாதி படித்த மறுப்பைத் தவிர.

அல்சூர் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பவர் தலையை உயர்த்தினால் மாடிகளின்மேல் செவ்வகப் பலகைகள் கண்ணில் படும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியபின் பெங்களூரின் கூரைகளில் இவை பெருகின. பார்ப்பதற்கு அசையாத பெட்டி. உள்ளே சிறு சிறு ஆண்டெனாக்கள் வரிசை வரிசையாகப் பதிந்துள்ளன. பொதுவாக 32 அல்லது 64 தனித்தனித் தடங்கள் அவற்றை இயக்குகின்றன. ஒவ்வொரு தடத்திலும் செல்லும் அலையின் கட்டத்தைச் சற்றே முன்பின்னாக்கினால், எல்லா அலைகளும் ஒன்றுகூடி வலுப்பெறும் திசை மாறுகிறது. 3.5 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 8.6 செ.மீ. ஆண்டெனாக்களை அதில் பாதித் தொலைவில் வைத்து, அடுத்தடுத்த ஆண்டெனாக்களுக்கிடையே 90 பாகைக் கட்ட வேறுபாடு கொடுத்தால் கற்றை 30 பாகை திரும்பும். ஒரு திருகும் அசையாமல், ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் திசை மாறும். பொறியியலின் அழகான கருத்துகளுள் ஒன்று இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்த வீடுகளில் வாழ்வோர் கேட்கும் கேள்வி வேறு: ‘எதிர்மாடிப் பலகையிலிருந்து என் வீட்டுச் சன்னலுக்குள் எவ்வளவு வருகிறது?’ 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை, பன்னாட்டு வழிகாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கைத் தன் வரம்பாக வைத்தது. இந்த அதிர்வெண்களில் அது சதுர மீட்டருக்கு 1 வாட். பழைய கோபுர ஆண்டெனா எப்போதும் ஒரே திசையில் வீசியது; ஓரிடத்தில் ஒருமுறை அளந்தால் பெரும்பாலும் போதும். கற்றையைத் திருப்பும் அணியில் அப்படியில்லை. பயனர் எங்கே இருக்கிறார், எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் தரவு இறக்குகிறார்கள் என்பதற்கேற்ப ஒரே சன்னலில் ஒரே நாளில் அளவு ஏறி இறங்கும். உச்ச அளவு எது, நேரச் சராசரி எது, பக்கக் கற்றை வழியாக வருவது எது எனப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரசின் களப் பிரிவுகள் கோபுரங்களைச் சோதிப்பது ஒரு சட்டக் கடமை. அதைச் சாராமல் விளக்கிச் சொல்லும் கடமை கல்வித்துறையுடையது. இத்தனை கல்லூரிகள், இத்தனை ஆய்வேடுகள் உள்ள நகரில், அக்கேள்விக்குத் தன் கையால் அளந்த எண்ணோடு விடைசொல்லக் கூடியவர்கள் மிகச் சிலர். அச்சமூட்டும் வதந்தி ஒருபுறமும் ‘ஒன்றும் ஆகாது’ என்ற அலட்சியம் மறுபுறமும் வளர்வதற்கு இந்த வெற்றிடமே நிலம்.

வெற்றிடம் எப்படி உருவாயிற்று? என் குற்றச்சாட்டை நேராகவே வைக்கிறேன். கற்றைத் திருப்பல் என்ற பெயரில் நம் துறைகளில் நடப்பவற்றுள் பெரும்பகுதி, கற்றையின் படத்தை வரைவது. சிமுலேஷன் என நாம் அழைக்கும் கணினிப் பாவனையில் நான்கு அல்லது எட்டு ஆண்டெனாக்களை அடுக்குகிறோம். கட்ட மாற்றிகள் பிழையற்றவை என வைத்துக்கொள்கிறோம். கம்பிகள் சம நீளம், வெப்பநிலை மாறாதது, பலகைப் பொருளின் மின்கடத்தாப் பண்பு விற்பவர் அச்சிட்ட எண்ணேதான். நீலமும் சிவப்புமாய் ஒரு படம் வருகிறது. அதன் அடியில் ‘பக்கக் கற்றை 30 டெசிபெல் கீழே’ என எழுதுகிறோம். கட்டுரை வெளியாகிறது, ஆய்வேடு ஏற்கப்படுகிறது. எந்த ஆண்டெனாவும் எந்த அலையையும் எந்தத் திசையிலும் செலுத்தவில்லை. பாவனை என்ற தமிழ்ச் சொல்லுக்கு நடிப்பு என்றும் பொருள் உண்டு, பொருத்தம்தான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். அணியில் உள்ள கட்டப் பிழைகள் தற்செயலானவை எனக் கொண்டால், அவற்றால் எழும் சராசரிப் பக்கக் கற்றையின் அளவு, பிழையின் வர்க்கத்தை ஆண்டெனாக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைக்கும். பிழையை ரேடியனில் எடுக்க வேண்டும். எட்டு ஆண்டெனா அணியில் அந்தப் பிழைத்தளத்தை மட்டும் 30 டெசிபெல் கீழே நிறுத்துவதற்கே கட்டப் பிழை 5 பாகைக்குள் இருக்க வேண்டும். இப்போது நம் கையிருப்பைப் பாருங்கள். நான்கு பிட் கட்ட மாற்றியின் ஒரு படி 22.5 பாகை; அந்தப் படிநிலையால் மட்டும் வரும் சராசரிப் பிழை 6.5 பாகை. 3.5 ஜிகாஹெர்ட்ஸில் சாதாரண இணையச்சுக் கம்பியின் நீளம் 1 மில்லிமீட்டர் பிசகினால் 6 பாகை. ஒரு கம்பியை நறுக்கும்போது கத்தி சற்று விலகியதிலேயே ஆய்வேட்டின் முதன்மை முடிவு போய்விடுகிறது. 28 ஜிகாஹெர்ட்ஸுக்குச் சென்றால் அதே மில்லிமீட்டர் 48 பாகை.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டெனாக்கள் உள்ள அணியில் 20 பாகைப் பிழை இருந்தாலும் பிழைத்தளம் 39 டெசிபெல் கீழேயே நிற்கும். எட்டு ஆண்டெனாவில் அதே பிழை அதை 18 டெசிபெல்லுக்கு உயர்த்திவிடும். பெருங்கூட்டத்தில் தனியாள் பிழை கரையும். சிறு கூட்டத்தில் கரையாது. அதாவது அளவுத்திருத்தம் மிகக் கூடுதலாகத் தேவைப்படுவது நாம் செய்யும் சிறிய அணிகளுக்கே. அதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

இந்நாட்டில் இத்துறை இப்படித் தொடங்கவில்லை. உதகமண்டலத்தின் முத்தோரையில் 1970-இல் இயங்கத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கோவிந்த் சுவரூப்பும் அவருடைய இளைய குழுவினரும் எழுப்பியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அவ்விடத்தின் அகலக்கோடு ஏறத்தாழ 11 பாகை. அதே சரிவுள்ள மலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்ததால் தொலைநோக்கியின் நெடுநீள அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. கிழக்கு மேற்காகப் பின்தொடர எந்திரம் திருப்பும். வடக்கு தெற்காகத் திருப்புவது 1056 இருமுனை ஆண்டெனாக்களின் கட்டம். 1990-களின் தொடக்கத்தில் அந்த 1056-க்கும் தனித்தனியே 1056 குறையிரைச்சல் பெருக்கிகளைப் பொருத்தி உணர்திறனை உயர்த்தினார்கள். ஒவ்வொரு பெருக்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டப் பிழையைக் கொண்டுவரும் என்பது தெரிந்தே செய்த வேலை அது. அளக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே எடுக்கக்கூடிய துணிவு.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், ராமன் ஆய்வு நிறுவனமும் இந்திய வானியற்பியல் நிறுவனமும் சேர்ந்து 34.5 மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் இருமுனைகளை ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் விரித்தன. கிழக்கு மேற்குக் கை மட்டும் 1.4 கி.மீ. அதைக் கொண்டு த்வாரகாநாத்தும் உதயசங்கரும் 1990-இல் அந்த அதிர்வெண்ணில் வானின் பெரும்பரப்புக்கு ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். திருப்பதிக்கு அருகே கடங்கியில் 1024 யாகி ஆண்டெனாக்கள், 130 மீட்டர் சதுரத்தில், 53 மெகாஹெர்ட்ஸில் வளிமண்டலக் காற்றை அளக்கின்றன. பல்கலைக்கழகங்களால் இவையெல்லாம் முடியாது என்பவர்களுக்கு ஐ.ஐ.டி. தில்லி விடை: பயன்பாட்டு மின்னணு ஆய்வு மையத்தில் பேராசிரியர் பாரதி பட் தலைமையிலான குழு உருவாக்கிய ஃபெரைட் கட்ட மாற்றிகள் ராஜேந்திரா ரேடாருக்குப் போயின. அந்த ரேடாரை வடிவமைத்த ஆய்வகம் அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, சி. வி. ராமன் நகரில் இருக்கிறது.

பழம்பெருமை பாட இவற்றைச் சொல்லவில்லை. இவை அனைத்திலும் பொதுவான ஒன்று உண்டு: கோட்பாடு பாடநூலில் ஏற்கெனவே இருந்தது. 1905-இலேயே கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் மூன்று ஆண்டெனாக்களின் கட்டத்தை மாற்றி அலையைத் திசைப்படுத்திக் காட்டிவிட்டார். அதற்குப்பின் நடந்த உழைப்பில் பெரும்பகுதி, கோட்பாட்டுக்கும் களத்துக்கும் இடையே உள்ள பிழையைத் தேடிப் பிடித்து அடக்கிய உழைப்பு. கட்ட அணி என்ற துறையின் உள்ளடக்கமே பிழைதான். பிழையை விலக்கிவிட்டு எழுதும் ஆய்வேட்டில் எஞ்சுவது முதுகலை வகுப்பின் ஒரு வீட்டுப்பாடம்.

எதிர்வாதங்களை அறிவேன். முதலாவது: ‘பணமில்லை; அனெக்கோயிக் அறைக்குக் கோடிகள் வேண்டும்.’ எல்லா அளவைக்கும் அந்த அறை வேண்டியதில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் எட்டு ஆண்டெனாக்களை 6.25 செ.மீ இடைவெளியில் வைத்தால் அணியின் நீளம் அரை மீட்டர். தொலைப்புலம் ஏறத்தாழ 4 மீட்டரில் தொடங்கிவிடுகிறது. கல்லூரி மொட்டைமாடி போதும். சுழலும் மேடையை ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைக் கொண்டு மாணவர்களே செய்யலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் நானோ வி.என்.ஏ.வில் கம்பிகளின் கட்டத்தை ஒப்பிடலாம். மலிவான மென்பொருள் வானொலியில் கற்றை வடிவத்தைப் பதியலாம். தரை எதிரொளிப்பு உண்டு, துல்லியம் குறையும், உண்மை. அந்தக் குறையை மதிப்பிட்டு எழுதுவதும் ஆய்வுதான். 13 பாகை அகலமுள்ள கற்றை 30 பாகைக்குத் திரும்புகிறதா என்று பார்க்க அது தாராளம்.

இரண்டாவது: ‘இன்றைய மென்பொருள்கள் ஆண்டெனாக்களின் பரிமாற்றப் பிணைப்பையும் கணக்கில் கொள்கின்றன, முடிவு அளவையோடு ஒத்துப்போகும்.’ கொள்கின்றன, மறுக்கவில்லை. பாவனை இல்லாமல் இன்று யாரும் வடிவமைக்க முடியாது, வடிவமைக்கவும் கூடாது. ஒத்துப்போகும் என்பது அளந்தவர் சொல்ல வேண்டிய வாக்கியம் என்பதே என் வாதம். உள்ளிட்ட வடிவத்துக்குத்தான் மென்பொருள் பொறுப்பு. பற்றவைப்பில் தங்கிய ஈயம், வெயிலில் நகரும் பெருக்கியின் கட்டம், சரியாக இறுகாத இணைப்பி ஆகியவற்றை யாரும் அதற்கு உள்ளிடுவதில்லை.

மூன்றாவது வாதம் யாரும் உரக்கச் சொல்லாதது. எல்லாரும் அதன்படி நடப்பது. அளவைக்கு ஓராண்டு ஆகும்; அதற்குள் பாவனையில் நான்கு கட்டுரைகள் வரும்; பதவி உயர்வும் உதவித்தொகை நீட்டிப்பும் கட்டுரை எண்ணிக்கையைப் பார்க்கின்றன. இதற்கு மாணவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அளவுகோலை வைத்தவர்கள் மூத்தவர்கள். அதற்கேற்பத் தம்மை வளைத்துக்கொள்பவர்கள் இளையவர்கள். ஆனால் இழப்பு இளையவர்களுக்கே. ரேடார் ஆய்வகத்திலோ புதிய நிறுவனத்திலோ வேலைக்குச் சேரும் முதல் வாரத்தில், இயங்காத அணி ஒன்றைக் கையில் கொடுத்து ‘எந்தத் தடம் பழுது, கண்டுபிடி’ என்பார்கள். ஐந்தாண்டுகள் கற்றையைப் பற்றி எழுதியவர் அன்றுதான் முதல் முறையாக ஒரு கற்றையைச் சந்திப்பார்.

எனவே சில கோரிக்கைகள். நெறியாளர்கள், ஆய்வுக் குழு உறுப்பினர்கள், தேர்வாளர்கள் ஆகியோரிடம் வைக்கிறேன்.

ஒன்று: அளந்த கற்றை வடிவம் ஒன்றேனும் இல்லாத ஆய்வேட்டைக் கோட்பாட்டு ஆய்வு என்றே பெயரிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். கோட்பாட்டு ஆய்வு இழிவன்று. ஆனால் அதைக் கோட்பாட்டின் கடுமையோடு மதிப்பிடுங்கள். ‘வடிவமைத்து உருவாக்கினோம்’ என்ற சொற்றொடரை உருவாக்கியவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டு: அணி பற்றிய எந்த ஆய்வேட்டிலும் பிழைக் கணக்கு ஒரு தனி இயலாக இருக்கட்டும். கட்டப் பிழை எங்கெங்கிருந்து, எத்தனை பாகை, கற்றையில் அதன் விளைவு என்ன என்று எழுதட்டும்.

மூன்று: அளவைத் தரவைத் திருத்தாத வடிவில் பொதுவெளியில் வையுங்கள். சரிவராத அளவைகளையும் சேர்த்தே.

நான்கு: அனெக்கோயிக் அறை உள்ள நிறுவனங்கள் மாதத்தில் சில நாட்களைப் பிற கல்லூரி மாணவர்களுக்கு ஒதுக்கட்டும். பொதுப்பணத்தில் எழுந்த அறை பூட்டிக்கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஐந்து: சுழல் மேடையைச் சரிசெய்தவர், கம்பியை நறுக்கியவர், அணியை இரவெல்லாம் அளவுத்திருத்தம் செய்த கருவிப் பணியாளர் ஆகியோரின் பெயர் கட்டுரையில் ஆசிரியராக வரட்டும். யாருடைய வேலையைப் பெயரிட மறுக்கிறோமோ, அந்த வேலையைச் செய்ய அடுத்த தலைமுறையில் ஆள் இருக்காது.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டமோ பெருநிதியோ வேண்டியதில்லை. ஒரு துறைக் கூட்டத்தில் தீர்மானிக்கக் கூடியவை. மாணவர்கள் அந்தத் தீர்மானத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். எட்டு ஆண்டெனாக்களும் ஒரு மொட்டைமாடியும் போதும் என்பதை மேலே கணக்கோடு காட்டியிருக்கிறேன். யாரேனும் செய்தால் முதல் அளவையை, அது எவ்வளவு கோணலாக இருந்தாலும், கருத்துப் பகுதியில் இடுங்கள். வழவழப்பான நூறு பாவனைப் படங்களைவிட அந்தக் கோணல் வளைவு ஒன்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ளக் கூடியது அதிகம்.