சர்டிபிகேட் இருக்கு, வேலை எங்கே? திறன் பயிற்சி மையங்களை நாடாளுமன்றம் எப்படிக் கேள்வி கேட்கிறது?

குற்றாலத்தில் சீசன் சில மாதங்கள்தான். சாரல் நின்றால் ஹோட்டல், கடை வேலையும் குறைந்துவிடும். தென்காசி பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்கும் ஒருவருக்கு, ‘இலவசப் பயிற்சி, சான்றிதழ், வேலை’ என்று ஒரு போஸ்டர் கண்ணில் பட்டால் சேரலாம் என்றுதான் தோன்றும். ஆனால், அந்தப் பயிற்சி உருப்படியானதா என்று யார் பார்ப்பது?

சிஏஜி என்ன சொன்னது?

பிரதமரின் கவுஷல் விகாஸ் யோஜனா (பிஎம்கேவிஒய்) 2015-ல் தொடங்கியது. 2022 வரையிலான மூன்று கட்டங்களுக்கு சுமார் ரூ.14,450 கோடி ஒதுக்கீடு. சுமார் 1.1 கோடி பேருக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. இதை ஆய்வு செய்த சிஏஜி அறிக்கை, 2025 டிசம்பர் 18-ல் மக்களவையில் தாக்கலானது. அதில் முக்கியமானவை:

• குறுகிய காலப் பயிற்சி, சிறப்புத் திட்டங்களில் சான்றிதழ் பெற்ற 56.14 லட்சம் பேரில் வேலை கிடைத்தது 23.18 லட்சம் பேருக்கு. அதாவது 41%.

• 95.91 லட்சம் பயனாளிகளில் 90.66 லட்சம் பேரின் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ, பூஜ்ஜியமாகவோ, ‘பொருந்தாது’ என்றோ இருந்தது. ஆதார் இணைந்த கணக்கிலேயே பணம் போடுவதால் அந்த விவரம் கட்டாயமாக்கப்படவில்லை என்பது அமைச்சகத்தின் பதில்.

• ஒரே போட்டோ பல பயனாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருந்தது.

இதற்கு முன்பே, 2025 அக்டோபரில் 178 பயிற்சி நிறுவனங்களும் மையங்களும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கோளாறு எங்கே?

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில். இரண்டாம் கட்டத்தில், வகுப்பு தொடங்கினால் 30%, சான்றிதழ் கொடுத்தால் 50%, வேலை வாங்கிக் கொடுத்தால் மீதி 20% என்று பயிற்சி நிறுவனங்களுக்குப் பணம் தரப்பட்டது. வேலையே கிடைக்காவிட்டாலும் 80% வந்துவிடும். அப்போ மையத்தின் கவனம் எங்கே போகும்? ஆள் சேர்ப்பதிலும் தேர்ச்சி காட்டுவதிலும்தான்.

நான்காம் கட்டத்தில் வேலைவாய்ப்பைக் கணக்கெடுப்பதே திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ‘எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?’ என்று எம்.பி. ஒருவர் கேட்டால், பதில் சொல்ல எண்ணே இருக்காது.

நாடாளுமன்றத்தால் என்ன முடியும்?

சிஏஜி அறிக்கைகள் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். மக்களவையின் 15 பேர், மாநிலங்களவையின் 7 பேர் கொண்ட குழு இது. எதிர்க்கட்சி எம்.பி. தலைவராக இருப்பது மரபு. அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம், பரிந்துரை செய்யலாம். தண்டிக்க முடியாது. ஆனால், எடுத்த நடவடிக்கை என்ன என்று அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

அப்ரண்டிஸ் வேறு, கோர்ஸ் வேறு

இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். அப்ரண்டிஸ் பயிற்சி 1961-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் வருவது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், பணியாளர் எண்ணிக்கையில் 2.5% முதல் 15% வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகும், மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2019 விதிப்படி கல்வித் தகுதியைப் பொறுத்து குறைந்தபட்சம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை. இதை ரூ.6,800 - ரூ.12,300 ஆக உயர்த்த மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் 2025 மே மாதம் பரிந்துரைத்தது.

இங்கும் தரம் ஒரு கேள்விதான். தொழில் கற்றுக்கொடுக்காமல், குறைந்த சம்பளத்தில் வேலை வாங்க மட்டுமே ஆள் எடுத்தால், ஒப்பந்தம் இருந்தும் பயனில்லை.

பக்கத்திலேயே ஒரு ஒப்பீடு

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் பள்ளிப்படிப்பு, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து, வேலைக்கும் எடுக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே. பயிற்சி சொதப்பினால் நஷ்டம் அவர்களுக்குத்தான். அரசு மையங்களில் அந்த நஷ்டம் மாணவரின் தலையில் விழுகிறது.

சேரும் முன் கேளுங்க

முந்தைய பேட்ச்சில் எத்தனை பேருக்கு, எந்த ஊரில், என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது? அப்ரண்டிஸ் என்றால் ஒப்பந்தப் பதிவு எண் எங்கே? பதில் மழுப்பலாக வந்தால், இன்னும் இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. போனால் திரும்ப வராதது அரசுப் பணம் மட்டுமல்ல, உங்களுடைய ஒரு வருஷமும்தான்.