படகு மலையேறுமா? தலைச்சுமை முதல் குட்டி யானை வரை... செலவு குறைந்த வழிகள்!

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்கள் முதலில் சொல்லும் கணக்கு ஒன்றுதான். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! பஸ்ஸில் சும்மா உட்கார்ந்து போனாலே பலருக்குத் தலை சுற்றும். அந்தப் பாதையில் ஒரு படகை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால்?

விளையாட்டுக் கேள்வி இல்லை. வாசலூர்பட்டி படகுக் குழாமில் சுற்றுலாப் பயணிகள் ஆசையாக ஏறும் படகுகள் ஆற்று வழியாக மலைக்கு வந்திருக்க முடியாது. சாலை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

எடப்புளி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று 'நாடு' என முடியும் ஊராட்சிகள் நிறைந்த மலை இது. மிளகு, வாழை, பலா, அன்னாசி எல்லாம் இந்த மலையிலிருந்து வளைவு வளைவாகத்தான் கீழே இறங்குகின்றன. மளிகையும் சிமென்ட்டும் அப்படித்தான் மேலே ஏறுகின்றன. மூட்டையைக் கட்டி ஏற்றுவது எப்படி என்று எடப்புளி நாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால், படகு வேறு மாதிரிச் சுமை. எடை குறைவு, நீளம் அதிகம். காற்று பிடிக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிறையும், வளைவில் வால் வீசும்.

மலைக்காரர்களுக்கு எதற்குப் படகு?

மலையில் வெள்ளம் வராது, சரி. ஆனால், அதே நாமக்கல் மாவட்டத்தின் இன்னொரு ஓரத்தில் காவிரி ஓடுகிறது. மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும்போதெல்லாம் பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுவது வழக்கம். 2022 ஆகஸ்டில் விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோதும் அதுதான் நடந்தது.

இப்படியான நேரத்தில், ‘படகு இருக்கிறதா?’ என்பதைவிட, ‘இருக்கும் படகு எவ்வளவு நேரத்தில் இங்கே வரும்?’ என்பதுதான் முக்கியமான கேள்வி.

இதற்கு 2018-ல் கேரளா பதில் சொன்னது. அந்த ஆகஸ்டு வெள்ளத்தில் செங்கன்னூர், ஆரன்முளை பக்கம் வீடுகள் மூழ்கியபோது, கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கடலில் ஓடும் படகு நெடுஞ்சாலையில் ஊர்வலம் போனது. கேரள அரசின் கணக்குப்படி 669 படகுகள், 4,537 மீனவர்கள். அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் சுமார் 65,000. ‘கேரளத்தின் சொந்த ராணுவம்’ என்று அந்த மாநில முதல்வர் அவர்களைப் பாராட்டினார்.

அந்த 65,000 பேருக்கும் முதல் உதவி செய்தது லாரிதான். மீனவரின் தைரியமும் படகின் இன்ஜினும் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் வேலை செய்யும். அதுவரை வண்டியும் கயிறும்தான் நாயகர்கள். 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் மீனவர்களின் ஃபைபர் படகுகள் ஓடியபோதும் கதை இதுவே.

சரி, லாரி வைக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஒரு சின்னப் படகை, குறைந்த செலவில், பத்திரமாகக் கொண்டுபோக என்னென்ன வழிகள்?

1. தலைச்சுமை: செலவே இல்லாத வழி

ஒகேனக்கல் பரிசலைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் சட்டம், அடியில் முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். சுமார் ஏழடி விட்டம். எட்டுப் பேர் வரை ஏற்றிச் செல்லும் அந்தப் பரிசலை, கரையேறியதும் ஒரே ஆள் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு பாறைகள் மீது நடந்து போவார். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு பெரிய குடைக்குக் கால் முளைத்து நடப்பது போலத் தெரியும்.

கனடாவின் பூர்வகுடிகளும் இதைத்தான் செய்தார்கள். பிர்ச் மரப்பட்டையில் செய்த இலகுவான படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்கி, ஒரு ஏரியில் இருந்து அடுத்த ஏரிக்கு நடந்தார்கள். வண்டி போகாத இடத்துக்கும் படகு போக வேண்டும் என்றால், அதை ஆள் தூக்கும் எடையில் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும், நம் காவிரிக்கரைக்காரர்களுக்கும் தெரியும்.

நம் கட்டுமரம் இன்னும் ஒரு படி மேலே. கயிற்றை அவிழ்த்தால் தனித்தனி மரம். பிரித்துத் தூக்கிப்போய், வேண்டிய இடத்தில் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

2. பைக்குள் படகு

காற்றடைக்கும் படகுதான் இந்தக் காலத்துக் கட்டுமரம். ஒருவர், இருவர் போகும் சிறிய ரகங்கள் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். மடித்துப் பையில் போட்டு பஸ்ஸிலேயே போகலாம். அரக்கோணத்தில் முகாமிட்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் பயன்படுத்துவதும் காற்றடைக்கும் ரப்பர் படகுகளைத்தான். அவை அளவில் பெரியவை, இன்ஜின் பொருத்தக்கூடியவை. ஆனால், காரணம் அதேதான். ஒரே லாரியில் பல படகுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

குறை உண்டு. முள், கம்பி, உடைந்த கண்ணாடி என்றால் ஆபத்து. பம்ப்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

3. கார் கூரை

ஒருவர் செல்லும் பிளாஸ்டிக் கயாக் சுமார் 20 முதல் 25 கிலோ. இருவர் செல்லும் பெரிய துடுப்புப் படகு 30 கிலோவைத் தாண்டும். கார் கூரைக்கு இது பெரிய எடை இல்லை. ஆனால், கூரை எவ்வளவு தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். காரோடு கொடுத்த கையேட்டில் அது இருக்கும், பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வெறும் கூரைத் தகட்டின் மேல் வைக்காமல், குறுக்கே இரண்டு கம்பிகள் உள்ள கேரியர் போடுவது அவசியம். கம்பிக்கும் படகுக்கும் நடுவே பழைய டயர் டியூபையோ சாக்கையோ சுற்றினால் போதும், மெத்தை ரெடி.

4. குட்டி யானை

2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் குட்டி யானை. பின்தட்டு சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பத்தடிக் கயாக்கைத் தட்டில் படுக்க வைத்தால் மூன்றடி வெளியே நீட்டும். ஏழடிப் பரிசலோ அகலத்தில் அடங்காது. பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தித்தான் கட்ட வேண்டும். ஆகவே நீளப் படகுக்குக் கொஞ்சம் பெரிய பிக்கப் வண்டி நல்லது.

செலவைக் குறைக்க ஒரு வழி, ரிட்டர்ன் வண்டி. மலையில் இருந்து வாழைத்தாரும் பலாவும் இறக்கிவிட்டு மேலே திரும்பும் வண்டி காலியாகவோ அரைச் சுமையோடோ போகலாம். தனி வாடகை பிடிப்பதைவிட, அந்த டிரைவரிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் பாக்கெட்டுக்கு நல்லது.

5. வீட்டில் செய்த டிரெய்லர்: எங்கே சரி, எங்கே தப்பு?

இரண்டு பழைய சைக்கிள் சக்கரம், கொஞ்சம் ஆங்கிள் இரும்பு, ஒரு வெல்டிங் பட்டறை. செலவு குறைந்த டிரெய்லர் தயார். சாலையில் இருந்து தண்ணீர் வரைக்குமான கடைசி அரை கிலோமீட்டருக்குக் கையால் தள்ளிப் போகவோ, சமதளத்தில் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுக்கவோ இது அருமையான ஏற்பாடு. படகின் எடை அச்சுக்குச் சற்று முன்பக்கம் விழும்படி வைக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் டிரெய்லர் பாம்பு போல ஆடத் தொடங்கும்.

ஆனால், அதையே காருக்குப் பின்னால் மாட்டினால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி, மோட்டார் வாகனம் இழுக்கும் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும். பட்டறையில் செய்து அப்படியே பொதுச்சாலையில் இழுத்துப் போக முடியாது. கொல்லிமலை வளைவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருப்பத்தில் டிரெய்லர் எப்போதும் உள்பக்கம் அறுத்துக்கொண்டு வரும். இறக்கத்தில் பிரேக் இல்லாத டிரெய்லர் முன்வண்டியைப் பின்னால் இருந்து தள்ளும். 70 வளைவுக்கு அது வேண்டாத விளையாட்டு.

நீட்டினால் 20,000 ரூபாய்!

2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டி முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ சுமை நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அதை இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில்தான். ஒரு மீட்டர் வரை பின்னால் நீட்டலாம் என்று முன்பிருந்த விதியும் 2014-ல் நீக்கப்பட்டுவிட்டது. நீட்டிய கம்பிகளில் மோதி எத்தனையோ பேர் உயிர் விட்டதுதான் காரணம். வாடகையில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இருபதாயிரத்தை இழக்க வேண்டாம். படகு முழுசாக அடங்கும் வண்டியே கடைசியில் மலிவு. அடங்காத அளவு என்றால், கிளம்பும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கட்டும் முறை

* படகைக் கவிழ்த்தே ஏற்றுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் சேரும். இரண்டு சதுர மீட்டர் பரப்பில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 100 லிட்டர். அதாவது, 100 கிலோ கூடுதல் எடை!

* நடுவில் இரண்டு இடங்களில் குறுக்குக் கட்டு. மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று என முன்பின் கட்டு. குறுக்குக் கட்டு மட்டும் போட்டால், ஏற்றத்தில் படகு பின்னால் வழுக்கும், இறக்கத்தில் முன்னால் வழுக்கும்.

* நைலான் கயிறு நனைந்தால் இளகும். இறுக்கும் பக்கிள் உள்ள பட்டை பெல்ட் நல்லது. கயிறுதான் இருக்கிறது என்றால், பத்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள்.

* பிளாஸ்டிக் படகை வெயிலில் அளவுக்கு மீறி இறுக்கினால் நெளிந்துவிடும்.

* துடுப்பு, லைஃப் ஜாக்கெட், பம்ப் எதையும் படகுக்குள் தளர்வாகப் போட வேண்டாம். தனியாகக் கட்டுங்கள்.

வளைவில் கவனம்

மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும்போது நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடாகிக் கைவிடும். நீளச் சுமை இருந்தால், வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது அதன் வால் எதிர்ப்பக்கம் வீசும். பைக்கில் வருபவரின் முகத்துக்கு நேராக அது வரக்கூடும். ஹாரன் அடித்து, வளைவு காலியான பிறகு திருப்புவதே சரி. இருட்டிலும் பனிமூட்டத்திலும் இந்தப் பயணமே வேண்டாம்.

இன்னொன்று. படகைப் பிடித்துக்கொள்ள என்று சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். கட்டு அவிழ்ந்தால் படகோடு சேர்ந்து விழுவது ஆள்தான். ஆள் பிடித்தால்தான் நிற்கும் என்றால், அந்தக் கட்டு சரியில்லை என்று அர்த்தம்.

மலை ஏறிய பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஏரியும் குளமும் பொதுச்சொத்து. சொந்தப் படகை இறக்க அனுமதி உண்டா என்று ஊராட்சியிலோ படகுக் குழாமிலோ முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு தாள் போதும்

மழைக்காலத்துக்கு முன்பு, கரையோர ஊர்கள் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிவைக்கலாம். யாரிடம் என்ன படகு இருக்கிறது, அது எத்தனை அடி, எந்த வண்டியில் அடங்கும், அந்த டிரைவரின் போன் நம்பர் என்ன? கூடவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படகை ஏற்றி, கட்டி, இறக்கிப் பார்த்துவிடுங்கள். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனாலும், நான்கு முறை பழகினால் நேரம் பாதியாகக் குறையும்.

ராத்திரியில் தண்ணீர் வாசலுக்கு வரும்போது, அந்த மிச்ச அரை மணி நேரத்தில் ஒரு தெருவையே மேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.