பொட்டாஷ் மூட்டைக்குள்ள ஒரு ப்ராஜெக்ட்!

‘‘மச்சி, டைட்டில் ஃபிக்ஸ் பண்ணிட்டியா?’’

ஃபைனல் இயர் நெருங்கினாலே கேம்பஸ் முழுக்க இதே கேள்விதான். உடனே இன்னொரு குரல் வரும்... ‘‘எதுக்குடா டென்ஷன்? காசைக் கட்டினா ரெடிமேடா வந்துடும்!’’ ரிப்போர்ட், மாடல், வைவாவுக்குக் கேள்வி-பதில் வரைக்கும் பேக்கேஜ். நானும் அந்த க்யூவில் நிற்க இருந்த ஆள்தான். என்னை வெளியே இழுத்தது, எங்க நைனார்பாளையத்துப் பெரியம்மா.

பக்கத்து வீடு. கேன்சருக்குக் ‘கரண்ட்’ வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். ரேடியோதெரபிக்கு எங்க ஊரில் அதுதான் பெயர். வந்த நாளிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேரனை மடியில் வைக்க விடவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ‘‘ஏம்ப்பா, நீ இன்ஜினீயருக்குப் படிக்கிறியே... என் உடம்புல இருக்கிற கரண்ட் புள்ளைக்குப் பாய்ஞ்சுடுமா?’’ என்று கேட்டார். ‘‘பாயாது பெரியம்மா...’’ என்று இழுத்தேன். ஏன் பாயாதுன்னு சொல்லத் தெரியலை. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸில் நல்ல மார்க் வாங்கியும் என்ன புண்ணியம்?

பதில் தேடிப் போனப்பதான், துகள் இயற்பியலும் உயிரியலும் கைகுலுக்குற இடம் தெரிஞ்சது. ஆக்ஸிலரேட்டர்னா ஜெனீவாவில் மண்ணுக்கு அடியில் இருக்கிற 27 கிலோமீட்டர் வளையம் மட்டும்தான்னு நினைச்சுட்டிருந்தேன். ரேடியோதெரபி அறையில் நிற்கிற ‘லினாக்’ மெஷினும் ஆக்ஸிலரேட்டர்தானாம்! எலெக்ட்ரானை வேகமாக ஓடவிட்டு உலோகத்தில் மோத வைத்தால் எக்ஸ்-ரே கிளம்பும். அது செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கும். கேன்சர் செல்லுக்கு அந்த உடைசலைச் சரிபண்ணும் சாமர்த்தியம் பெரும்பாலும் குறைவு. சுவிட்சை அணைத்த பிறகு டியூப் லைட் வெளிச்சம் ரூமில் தேங்கி நிற்குமா? நிற்காதுல்ல... அதே கதைதான் இங்கேயும். தைராய்டுக்கு ரேடியோ அயோடின் குடிப்பது போன்ற சில சிகிச்சைகளுக்கு மட்டும், டாக்டர் சொல்கிற நாள் வரை விலகி இருக்கணும்.

சரி, ப்ராஜெக்ட்டுக்கு வருவோம். கையில் மூணு ஐடியா இருக்கு.

ஐடியா 1: டவுன் பஸ், பாயின்ட் டு பாயின்ட்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இது. செர்ன் உட்படப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய ‘ஜியன்ட்-4’ சாஃப்ட்வேர் இலவசம். துகள் ஒரு பொருளுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டும். நம்ம உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதனால ஒரு தண்ணீர்ப் பெட்டியை வரைந்து, எக்ஸ்-ரேயை ஒருமுறை, புரோட்டானை ஒருமுறை அனுப்புங்க. எக்ஸ்-ரே டவுன் பஸ் மாதிரி வழியெல்லாம் எனர்ஜியை இறக்கிக்கிட்டே போகும். புரோட்டான் கிட்டத்தட்ட பாயின்ட் டு பாயின்ட்... கடைசி ஸ்டாப்பில்தான் பெரும்பகுதியைக் கொட்டும். கட்டி இருக்கும் இடத்தைக் கடைசி ஸ்டாப் ஆக்குவதுதான் புரோட்டான் தெரபி. 1946-ல் ராபர்ட் வில்சன் சொன்ன யோசனை, 2019-ல் சென்னைக்கே வந்துடுச்சு. டி.என்.ஏ. உடைவதைக் கணக்கிட ‘ஜியன்ட்-4 டி.என்.ஏ.’ன்னு தனிப் பகுதியும் இருக்கு.

ஐடியா 2: மரவள்ளிச் சாம்பல்

இதுதான் என் ஃபேவரைட். எங்க ஊர்ப் பக்கம் மரவள்ளிக்கும் பொட்டாஷ் மூட்டைக்கும் பஞ்சமில்லை. இயற்கையில் உள்ள பொட்டாசியத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு அணு, பொட்டாசியம்-40. அது சிதைந்து பெரும்பாலும் எலெக்ட்ரானை வெளியே தள்ளும்; கூடவே ஒரு ஆன்டி நியூட்ரினோவும் வரும். எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் லேப்களில் இருக்கும் ஜி.எம். கவுன்ட்டரின் கீழே பொட்டாஷ் உரத்தை வைத்துப் பாருங்க... எண்ணிக்கை ஏறும்!

பொட்டாஷ் போட்ட வயல், போடாத வயல் இரண்டிலிருந்தும் கிழங்கு எடுங்க. காய வைத்து, எரித்து, சம எடையில் சாம்பலை எண்ணுங்க. உரம் கிழங்கில் ஏறுதா, இல்லையா? தோலில் அதிகமா, சதையில் அதிகமா? ஒரு எச்சரிக்கை... 100 எண்ணினால் பிழை 10. பத்தாயிரம் எண்ணினால் பிழை 100, அதாவது ஒரே சதவிகிதம். பொறுமைதான் இங்கே மூலதனம். வித்தியாசமே வரலைன்னாலும் அது ரிசல்ட்தான்!

ஐடியா 3: வெள்ளிமலைக்கு ஒரு டிக்கெட்

உள்ளங்கையை வானம் பார்க்க நீட்டுங்க. நிமிஷத்துக்குச் சுமார் நூறு மியூவான் அதைத் துளைச்சுக்கிட்டுப் போகும். காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் துகள் இது. நம்ம ஊட்டியில் 560 சதுர மீட்டருக்கு ‘கிரேப்ஸ்-3’ மியூவான் டெலஸ்கோப்பே இருக்கு. நாம சின்னதா ஆரம்பிப்போம். இரண்டு ஜி.எம். டியூபை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணுகிற சர்க்யூட்... இ.சி.இ. ஆட்கள் ஒரு வாரத்தில் முடிப்பாங்க. சின்னசேலத்தில் சில நாள், கல்வராயன் மலை வெள்ளிமலையில் சில நாள் எண்ணுங்க. உயரத்தில் வாழ்பவர்களும் விமானத்தில் வேலை செய்பவர்களும் ஏன் கொஞ்சம் கூடுதல் கதிர் வாங்குறாங்கன்னு உங்க டேட்டாவே சொல்லும்.

ஐடியா இரண்டைப் படிச்சப்பதான் பெரியம்மாவுக்குச் சரியான பதில் கிடைச்சது. பெரியவங்க ஒருத்தர் உடம்பில் நொடிக்கு நாலாயிரம் பொட்டாசியம் அணுக்கள் சிதையுது. உங்களுக்கும்தான், எனக்கும்தான். ‘‘பேரன்கிட்டயும் அவன் சைஸுக்கு இருக்கு பெரியம்மா! கரண்ட் மெஷின் உங்க உடம்புல எதையும் விட்டுட்டுப் போகலை’’ என்றேன். வீட்டில் இருந்தவங்க நம்பலை. அடுத்த செக்கப்பில் டாக்டரிடமே கேட்டாங்க. அவரும் அதையே சொல்ல, தனித் தட்டு பரணுக்குப் போயிடுச்சு.

காசு கொடுத்து வாங்கின ரிப்போர்ட், வைவா முடிஞ்சதும் அலமாரியில் தூங்கும். உங்க தெருவிலும் யாரோ ஒருத்தர் பதில் தெரியாத கேள்வியோட திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரை ஒரு நடை பார்த்துட்டு வந்து டைட்டிலை ஃபிக்ஸ் பண்ணுங்க, பாஸ்!