ஜீனைப் படித்தால் மட்டும் போதுமா?

“ஒரு ஜீன், ஒரு புரதம்” என்னும் சூத்திரம் வகுப்பறைகளில் இன்றும் ஒலிக்கின்றது. 1941-ஆம் ஆண்டில் பீடில், டாட்டம் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் ரொட்டிப் பூஞ்சணத்தில் நடத்திய ஆராய்ச்சியின் வழி வந்தது அது. அக்காலத்தில் அது பெரியதொரு முன்னேற்றமே. ஆனால், புற்றுநோயை அறிய அது இனிப் போதாது.

ஜீன் இடையறாத ஒரே தொடர் அன்று என்பதை 1977-இல் ராபர்ட்ஸும் ஷார்ப்பும் தனித்தனியே கண்டறிந்தனர். ஜீனிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகலில் இன்ட்ரான்கள் என்னும் பகுதிகள் வெட்டி நீக்கப்படுகின்றன. எக்ஸான்கள் என்னும் பகுதிகள் இணைக்கப்படுகின்றன. எந்த எக்ஸானைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது உயிரணுவின் வகைக்கேற்ப மாறலாம். மனிதனிடமுள்ள ஏறத்தாழ 20,000 புரத ஜீன்களுள் பெரும்பாலானவை இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகளைத் தருகின்றன.

இச்செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. பி.சி.எல்.-எக்ஸ் என்னும் ஜீனின் நீண்ட புரதம் உயிரணுவைச் சாவினின்று காக்கின்றது. குறுகிய புரதமோ சாவைத் தூண்டுகின்றது. பல புற்றுநோய்களில் நீண்ட வடிவமே ஓங்கி நிற்கின்றது.

மெட் என்னும் ஜீனின் கதை இதனினும் முக்கியமானது. அதன் 14-ஆம் எக்ஸான் விடுபட்டால், புரதத்தை அழிவுக்கு அனுப்பும் அடையாளம் மறைந்துவிடும். வளரும்படி இடும் கட்டளை நீடிக்கும். நுரையீரல் புற்றுநோயின் பெருவகையில் நூற்றுக்கு மூவர் அளவில் இப்பிழை காணப்படுகின்றது. இதற்கென அமைந்த கப்மாடினிப் என்னும் மருந்து 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால், பிழை பெரும்பாலும் எக்ஸானின் ஓரத்தில், வெட்டுமிடத்தில் இருப்பதால், டி.என்.ஏ. சோதனை சிலவேளை அதைத் தவறவிடுகின்றது. 13-ஆம் எக்ஸான் 15-ஆம் எக்ஸானுடன் ஒட்டியிருப்பதை ஆர்.என்.ஏ. சோதனை நேரே காட்டும். தவறவிடப்பட்ட நோயாளிக்கோ உரிய மருந்தே கிட்டாமற் போகலாம்.

ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது, சோதனைக்குச் செலவு மிகுதி என்னும் மறுப்புகள் நியாயமானவையே. எனவே, எல்லோருக்கும் அச்சோதனை வேண்டுவதில்லை, டி.என்.ஏ. சோதனையில் காரணம் புலப்படாதவர்க்கேனும் அதனைச் செய்வது முறை. எடுத்த திசுவைத் தாமதமின்றிப் பதப்படுத்தி அனுப்புவது களப் பணியாளர் ஆற்றக்கூடிய பேருதவி. ஆசிரியர்கள் செய்யவேண்டுவது ஒன்று: பழைய சூத்திரத்தை வரலாறாகக் கற்பித்து, “ஒரு ஜீன், பல செய்திகள்” என்பதை அதனருகே எழுதுதல்.