மெழுகுவர்த்தி அணையலைன்னா நல்ல மாஸ்க்கா?



புகைமூட்டம் வந்தாலே அந்த வாட்ஸ்அப் வீடியோவும் வந்துவிடுகிறது. மாஸ்க் போட்டு மெழுகுவர்த்தியை ஊதுகிறார்கள்; அணையவில்லை. "பாருங்க, துணி மாஸ்க்கே போதும்!" போதாதுங்க.

ஊதிப் பார்ப்பது மூச்சுக்காற்றின் வேகம் குறைவதை மட்டுமே காட்டும்; நுண்துகள் தடைபடுகிறதா என்று காட்டாது. என்95 மாஸ்க்கைச் சோதிக்கும்போது சுமார் 0.3 மைக்ரான் உப்புத் துகள்களை நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றோடு செலுத்துவார்கள். குறைந்தது 95% தடுபட வேண்டும். புகைமூட்டத்தில் நுரையீரலின் ஆழம்வரை போவது 2.5 மைக்ரானும் அதைவிடச் சிறியதுமான துகள். சாதாரணத் துணியின் இழை இடைவெளி அதற்குத் திறந்த வாசல்.

நல்ல மாஸ்க்கையும் நாமே கெடுக்கிறோம். என்95 இழைகளில் உள்ள மின்னூட்டம் துகளை ஈர்க்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தால் அது குறைந்துவிடும். கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் அந்த 95% வெறும் எண்தான்.

மாஸ்க் உபயம் செய்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: சாமி படம் அச்சடித்த 500 துணி மாஸ்க் வேண்டாம். 50 என்95 கொடுங்க. வாசலில் மணிக்கணக்கில் நிற்கும் தொண்டூழியருக்கு அதுதான் உதவி. ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் அன்றைக்கு வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடுங்க. சாமி கோபிக்காது.