எலும்பு கரையும் வேகம்

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அறிக்கையில் ‘டி ஸ்கோர்’ என்று ஓர் எண் இருக்கும். ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து நாம் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை அது காட்டும். –2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. முழங்கால் வலிக்குச் சொல்லப்படும் ‘தேய்மானம்’ மூட்டின் நோய், எலும்புப்புரை வேறு. டி ஸ்கோர் இன்றைய இருப்பைத்தான் சொல்லும். எலும்பு எந்த வேகத்தில் கரைகிறது என்பது அதில் தெரியாது.

எலும்பு உயிருள்ள திசு. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, இன்னொரு வகைச் செல்கள் அந்தக் குழியில் புது எலும்பைக் கட்டுகின்றன. இதுவே எலும்பு மாற்றம். ஓரிடத்தை அரிக்கச் சில வாரங்கள் போதும். நிரப்ப மூன்று நான்கு மாதங்கள் ஆகும். சுவரை இடிப்பது ஒருநாள் வேலை, எழுப்புவது அப்படியல்ல. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் ஒரே சமயத்தில் பல இடங்களில் அரிப்பு தொடங்குகிறது. கட்டுமானம் பின்தங்கிவிடுகிறது.

அரிக்கும்போது எலும்பிலுள்ள கொலாஜன் புரதத்தின் துணுக்குகள் இரத்தத்தில் கலக்கும். அவற்றை அளப்பது சி.டி.எக்ஸ். பரிசோதனை. புது எலும்பு உருவாகும்போது வெளிவரும் துணுக்கை அளப்பது பி1என்பி. சி.டி.எக்ஸ். அளவு சாப்பிட்டால் இறங்கிவிடும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். அண்மையில் எலும்பு முறிந்திருந்தால் இரண்டுமே பல மாதங்கள் உயர்ந்திருக்கும். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில ஆய்வக முறைகளில் முடிவைப் பிறழச் செய்யும். முறிவு, மாத்திரை இரண்டையும் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இப்பரிசோதனைகளை மட்டும் வைத்து எலும்புப்புரை என்று முடிவுகட்ட முடியாது. சிகிச்சை தொடங்கிய பிறகுதான் இவற்றின் அருமை தெரியும். மருந்தின் பலன் ஸ்கேனில் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். அரிப்பைத் தடுக்கும் மருந்து வேலை செய்தால் சி.டி.எக்ஸ். மூன்று மாதத்துக்குள் இறங்கிவிடும். இறங்கவில்லையா? மாத்திரையை எப்படி எடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அரிப்பைத் தடுக்க வாரமொரு முறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கவோ எதுவும் சாப்பிடவோ கூடாது. காப்பியோடு விழுங்கினால் உடலில் சேரும் மருந்து பாதிக்கும் மேல் குறைந்துவிடும்.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஏற்றும் சோலெட்ரோனேட் உண்டு. டெரிபாராடைட் எலும்பைக் கட்டும் ஊசி. அதைப் போடும்போது பி1என்பி ஏறுவது நல்ல அறிகுறி. ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசி அரிப்பை வலுவாகத் தடுக்கும். ஆனால் மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினால் அரிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் நொறுங்கக்கூடும். அந்த ஊசியைத் தொடங்கும் நாளிலேயே, நிறுத்தும்போது என்ன செய்வது என்றும் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.